உணவுக்குழாய்ச் சுவருக்குள் 3 செ.மீ. கட்டி, பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அடுத்து என்ன?

காவிரிக்கரை:

வணக்கம். அக்கா வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன். வயது 47, பேருந்து ஓட்டுநர், கும்பகோணம் பக்கம். பீடி, சிகரெட், பாக்கு எதுவும் கிடையாது, கல்யாண வீட்டில் எப்போதாவது ஒரு வெற்றிலை, அவ்வளவுதான். வேலை அப்படி என்பதால் சாப்பாடு நேரத்துக்கு இருக்காது, அதனால் பல வருடமாக நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உண்டு, அதற்கு மெடிக்கல் ஷாப்பில் பான்டாப்ரசோல் வாங்கிப் போட்டே காலத்தை ஓட்டிவிட்டார். போன மாதம் எரிச்சல் தாங்காமல் எண்டோஸ்கோபி பார்த்தார்கள். இரைப்பையில் லேசான சிவப்பு, அது பரவாயில்லையாம். ஆனால் உணவுக்குழாயில் 30 செ.மீ. தூரத்தில் "சப்மியூகோசல் பல்ஜ், மேல்சவ்வு இயல்பு" என்று எழுதியிருந்தது, அதாவது சவ்வுக்கு அடியிலிருந்து ஒரு மேடு. அங்கேயே சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். "இயல்பான சவ்வு, புற்றுநோய் அணுக்கள் இல்லை" என்று வந்தது. எல்லோருக்கும் உயிர் வந்தது.

அப்புறம் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அதில் உணவுக்குழாய்ச் சுவரில் 3.1 செ.மீ. கட்டி, ஓரம் வழுவழுப்பாக இருக்கிறது, "லியோமயோமா அல்லது ஜிஸ்ட் ஆக இருக்கலாம், இ.யு.எஸ். செய்து உறுதிப்படுத்தவும்" என்று போட்டுவிட்டார்கள். அதைக் கொண்டு போய்க் காட்டினால் ஒரு டாக்டர் நெஞ்சைத் திறந்து எடுத்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்கிறார். இன்னொருவர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்கிறார். இருவருமே நல்ல பெயர் எடுத்தவர்கள். யாரை நம்புவது?

இதற்கு நடுவில் அக்கா மகன் நெட்டில் உணவுக்குழாய் புற்றுநோய் என்று தேடி, எத்தனை பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள் என்ற கணக்கை எல்லாம் படித்து, அதை அவன் அம்மாவிடம் வேறு சொல்லி வைத்திருக்கிறான். மாமாவுக்கோ விழுங்குவதில் ஒரு சிரமமும் இல்லை, பரோட்டா முதற்கொண்டு எல்லாம் இறங்குகிறது, எடையும் குறையவில்லை. பயாப்ஸி நார்மல் என்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? இ.யு.எஸ். என்பது இன்னொரு எண்டோஸ்கோபிதானா, அதற்குப் பதில் மறுபடி ஒரு தடவை ஆழமாகச் சதை எடுத்துப் பார்க்கக் கூடாதா? ஒரு சொந்தக்காரர் பெட் ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார், அதுவும் சரியா?

நுண்ணோக்கி:

நான் பேத்தாலஜி துறையில் இருக்கிறேன், நீங்கள் அனுப்பும் சதைத் துணுக்கை ஸ்லைடில் பார்ப்பவர்களில் ஒருத்தி. ஆளைப் பார்க்காமல் என்ன நோய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கையில் இருக்கும் ரிப்போர்ட்டுகளை எப்படி வாசிப்பது என்று சொல்ல முடியும்.

அந்த பயாப்ஸி கட்டியைத் தொடவே இல்லை. உணவுக்குழாய்ச் சுவர் பல அடுக்காக இருக்கும்: உள்பக்கம் சவ்வு, அதை ஒட்டி மெல்லிய தசை, அடுத்தது சப்மியூகோசா என்கிற தளர்வான அடுக்கு, அதற்கு வெளியே தடித்த தசை. எண்டோஸ்கோபி குழாய் வழியாகப் போகிற இடுக்கி சில மில்லிமீட்டர்தான் கிள்ளும், கிள்ளியதில் வந்தது மேல்சவ்வு மட்டும். அது இயல்பாக இருப்பதை ஸ்கோப் விட்டவரே கண்ணால் பார்த்து எழுதிவிட்டார். ஜமக்காளத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் கிடந்தால் ஜமக்காளத்து நூலைப் பிய்த்துப் பார்த்து என்ன தெரியும்? அதனால் இந்த ரிப்போர்ட்டை வைத்து நிம்மதியும் அடைய வேண்டாம், சந்தேகமும் பட வேண்டாம்.

உங்கள் அக்கா மகன் படித்த கணக்கு முழுக்க சவ்விலேயே தொடங்கும் இரண்டு புற்றுநோய்களைப் பற்றியது. ஒன்று ஸ்குவாமஸ் வகை, புகையிலை, மது, பாக்கு இவற்றோடு தொடர்புடையது. இன்னொன்று அடினோ வகை, நீண்ட நாள் அமில எதுக்களிப்போடு தொடர்புடையது. உணவுக்குழாய் புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மை இவைதான். இவை சவ்வில் புண்ணாகவோ, கரடுமுரடாகவோ, தொட்டால் ரத்தம் கசிவதாகவோ தெரியும். உங்கள் மாமாவுக்கு மேல்சவ்வு இயல்பு என்று எழுதியிருக்கிறது. ஆகவே அந்த ஐந்து வருடக் கணக்கை இங்கே பொருத்திப் பார்ப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

சவ்வுக்கு அடியில் வரும் கட்டிகள் வேறு குடும்பம். உணவுக்குழாயில் அவற்றில் அதிகம் பார்ப்பது லியோமயோமா, அதாவது தசையில் வளரும் சாதுவான கட்டி. உணவுக்குழாயில் வருகிற சாதுக் கட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு இதுதான். 20 முதல் 50 வயதுக்குள், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், பெரும்பாலும் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் வரும், ஏனென்றால் தானாக இயங்கும் தசை அங்கேதான் இருக்கிறது, மேல் மூன்றில் ஒரு பங்கில் இருப்பது கை கால் தசை வகை. முன்பற்களிலிருந்து 30 செ.மீ. என்றால் நடு மார்புக்குச் சற்றுக் கீழே, வயதும் பொருந்துகிறது. ஜிஸ்ட் என்பது குடல் அசைவைக் கட்டுப்படுத்தும் செல்களிலிருந்து வருவது, புற்றுநோயாக நடந்துகொள்ளக்கூடியது. இரைப்பையில் இப்படி ஒரு மேடு தெரிந்தால் முதலில் ஜிஸ்ட்டைத்தான் நினைப்போம், உணவுக்குழாயில் கதை தலைகீழ், அங்கே ஜிஸ்ட் மிக அபூர்வம். ஆனாலும் அபூர்வம் என்பதற்காகப் பார்க்காமல் விட முடியாது.

வேறு சிலவும் உண்டு. கிரானுலர் செல் ட்யூமர், பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் மஞ்சள் நிறத்தில் கடைவாய்ப்பல் வடிவத்தில் தெரியும், கிட்டத்தட்ட எப்போதும் சாது. பிறவியிலேயே வருகிற நீர்க்கட்டி. நரம்புறையில் வரும் ஷ்வானோமா. கொழுப்புக்கட்டி. சில சமயம் கட்டியே இருக்காது, வெளியிலிருந்து ஏதாவது அழுத்திக்கொண்டிருக்கும். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது, மார்புக்குள் காசநோயால் வீங்கிய நெறிக்கட்டி உணவுக்குழாயை அழுத்தி, ஸ்கோப்பில் இதே மாதிரி வழுவழு மேடாகத் தெரிந்த கேஸ்கள் நிறைய. உங்களுக்கு சி.டி.யில் சுவருக்குள்ளேதான் என்று சொல்லிவிட்டார்கள், சரி.

இ.யு.எஸ். என்றால் ஸ்கோப்பின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் இருக்கும். படத்தில் சுவர் ஐந்து கோடுகளாகத் தெரியும், கட்டி எந்தக் கோட்டிலிருந்து கிளம்புகிறது என்று பார்க்கலாம். மூன்றாவது கோட்டில் வெள்ளையாகத் தெரிந்தால் கொழுப்பு. உள்ளே முழுக்கக் கறுப்பாக இருந்தால் நீர்க்கட்டி, அதில் ஊசி போடவே கூடாது, கிருமி உள்ளே போய்ச் சீழ் பிடித்துவிடும். நான்காவது கோட்டில் மங்கலான கறுப்பு என்றால் லியோமயோமாவோ ஜிஸ்ட்டோ, படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அப்போது அதே ஸ்கோப் வழியாக ஊசி விட்டு நூல் மாதிரி கொஞ்சம் திசு எடுப்பார்கள். நான் பார்ப்பது அதைத்தான். லியோமயோமா, ஜிஸ்ட், ஷ்வானோமா மூன்றுமே நுண்ணோக்கியில் கதிர் வடிவ செல்களாக ஒன்று போலவே இருக்கும், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் வெறும் கண்ணால் அடித்துச் சொல்வது சரியில்லை. அதற்குத்தான் ஐ.எச்.சி. என்கிற நிறமேற்றும் பரிசோதனை, செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று அது காட்டும். இனி வரும் பெயர்கள் அந்தப் புரதங்களுடையவை, சி.டி.117க்கும் சி.டி. ஸ்கேனுக்கும் சம்பந்தமில்லை. டெஸ்மினும் எஸ்.எம்.ஏ.யும் பாசிட்டிவ், மற்றவை நெகட்டிவ் என்றால் லியோமயோமா. சி.டி.117, டாக்-1 பாசிட்டிவ் என்றால் ஜிஸ்ட். எஸ்-100 பாசிட்டிவ் என்றால் ஷ்வானோமா. ரிப்போர்ட்டில் "ஸ்பிண்டில் செல் ட்யூமர்", அதாவது கதிர் வடிவ செல் கட்டி, என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்று அர்த்தம், மீதியைக் கேட்டு வாங்குங்கள்.

மறுபடி இடுக்கியால் ஆழமாகக் கிள்ளுவது வேண்டவே வேண்டாம். கிள்ளிய இடத்தில் சவ்வு கட்டியோடு ஒட்டித் தழும்பாகிவிட்டால், பின்னால் கட்டியை உரித்தெடுக்கும்போது சவ்வு கிழியும். செல்கள் சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடம் ஒளிர்ந்து தெரிகிற பெட் ஸ்கேனும் இங்கே பிரயோஜனமில்லை, உணவுக்குழாய் லியோமயோமா சாதுவாக இருந்துகொண்டே பெட்டில் பளிச்சென்று ஒளிர்வது உண்டு, பார்த்துவிட்டு இன்னும் பயப்படுவீர்கள்.

மேட்டுப்பாளையம் மெயில்:

எனக்கு இதே கட்டி. லியோமயோமாதான், ஆனால் என்னுடையது பெரியது, 6 செ.மீ.க்கு மேல், குழாயைச் சுற்றி லாடம் மாதிரி வளைந்திருந்தது. சோறு உருட்டி விழுங்கினால் நடு நெஞ்சில் நின்று நின்று இறங்கும், தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டும். வெள்ளை மாவு கரைசல் குடிக்க வைத்து எடுக்கிற எக்ஸ்ரேயில் பிறை நிலா மாதிரி வளைவு தெரிந்தது, அதைப் பார்த்ததுமே டாக்டர் பெயரைச் சொல்லிவிட்டார், அப்புறம் ஊசி போட்டு உறுதி செய்தார்கள்.

நெஞ்சைத் திறக்கிறது என்றால் பயந்துவிடாதீர்கள், இப்போதெல்லாம் நடுப்பகுதி கட்டிக்கு வலது விலாவில் சின்னத் துளைகள் போட்டுக் கேமரா வைத்துச் செய்கிறார்கள். ஆபரேஷன் நேரத்தில் வலது நுரையீரலைச் சுருக்கி வைத்து இடது நுரையீரலால் மட்டும் மூச்சு விட வைப்பார்கள், அதனால்தான் முன்கூட்டியே ஊதச் சொல்லி நுரையீரல் டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். தசையை நீளவாக்கில் பிரித்து, கட்டியை முழுசாக உரித்து எடுத்து, சவ்வைத் தொடாமல் விட்டு, தசையை மறுபடி தைத்துவிட்டார்கள். முடித்ததும் உள்ளே ஸ்கோப் விட்டுக் காற்று அடித்து வெளியே குமிழி வருகிறதா என்று பார்த்தார்களாம், ஓட்டை விழவில்லை என்று உறுதி செய்ய. எனக்கு சர்ஜன் பின்னால் படம் போட்டு விளக்கினார், அந்தத் தாள் இன்னும் வைத்திருக்கிறேன்.

விலாவில் ஒரு டியூப் இருந்தது, உண்மையைச் சொன்னால் ஆபரேஷனைவிட அந்த டியூப்தான் வலி. கசிவு இல்லை என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு தண்ணீர், அப்புறம் கஞ்சி, அப்புறம் குழைந்த சாதம். இப்போது எல்லாம் சாப்பிடுகிறேன்.

ஆனால் உங்கள் மாமாவுக்கு விழுங்குவதில் தொந்தரவே இல்லை என்கிறீர்களே, 3 செ.மீ.தான், நானாக இருந்தால் இ.யு.எஸ். முடியும் வரை ஆபரேஷன் தேதியே வாங்க மாட்டேன்.

வெள்ளை அரளி:

எதுக்குப்பா இத்தனை டெஸ்ட்? உள்ளே ஒரு கட்டி இருக்கிறது, அது நல்லதோ கெட்டதோ, வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அதற்கப்புறம் முழுக் கட்டியையும் லேபுக்கு அனுப்பினால் எல்லாம் தெரிந்துவிடப் போகிறது. ஊசி போட்டு, சாயம் போட்டு, காத்திருந்து, கடைசியில் எடுக்கத்தான் போகிறார்கள். அதற்குள் பாதிப் பணம் டெஸ்ட்டுக்கே போய்விடும். எங்கள் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி, அப்படித்தான் எடுத்தார்கள், நன்றாக இருக்கிறார்.

தறிமேடை:

அரளி சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அப்பா விஷயம் சொல்கிறேன், இது காவிரிக்கரை வீட்டு நிலைமையோடு சேராது, அவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம், ஆனால் பெயர் சரியாகத் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பதற்காக.

அப்பாவுக்குத் தோசை சிக்கியது, பிறகு இட்லி சிக்கியது, பிறகு பால் கூட மெதுவாகத்தான் இறங்கியது, எல்லாம் ரொம்பக் குறுகிய காலத்தில். எடை மளமளவென்று இறங்கியது. ஸ்கோப்பில் புண்ணோடு கட்டி. உள்ளூர் லேபில் "பூர்லி டிஃபரென்ஷியேட்டட் கார்சினோமா" என்று கொடுத்தார்கள், அதாவது எந்த வகை செல் என்று எளிதில் அடையாளம் தெரியாத புற்றுநோய். அதை வைத்து உணவுக்குழாயையே எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்துத் தைக்கும் பெரிய ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, ரத்தம் கொடுக்க ஆளெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டோம். தூரத்துச் சொந்தத்தில் நர்ஸாக இருக்கும் அண்ணி ஒருவர்தான், எடுத்த திசுவை மெழுகில் பதித்து லேபில் வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கி வேறு பெரிய இடத்தில் ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் வெளியிலிருந்து வரும் பிளாக்குகளை மறுபடி பார்க்கிறார்கள், எடுத்துக்கொண்டு போனோம்.

சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், சி.டி.56 என்று சாயம் போட்டுப் பார்த்து ஸ்மால் செல் கார்சினோமா என்றார்கள். நுரையீரலில் வருகிற ஸ்மால் செல்லின் அதே ரகம், உணவுக்குழாயில் நூறு புற்றுநோய்க்கு ஒன்று என்ற அளவில்தான் வருமாம். கே.ஐ.67 என்ற எண் மிக அதிகமாக இருந்தது, செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைக் காட்டுவது அது. இந்த வகை சீக்கிரமே ரத்தம் வழியாகப் பரவிவிடும், ஆகவே முதல் அடியே ஆபரேஷன் என்று போவதில் பெரிதாக லாபமில்லை என்று விளக்கினார்கள். பெட் ஸ்கேனில் கல்லீரலில் ஒரு புள்ளி ஏற்கெனவே இருந்தது. பெரிய ஆபரேஷன் ரத்தானது. சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும், மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, முதல் மூன்று நாள் மருந்து ஏறும், அதன் பிறகு இடைவெளி. இரண்டாவது சுற்று முடிந்தபோது அப்பா தோசை சாப்பிட்டார்.

அப்பா இப்போது இல்லை. அந்த நோய் அப்படி. ஆனால் கடைசி ஒரு வருடத்துக்கு மேல் அவர் வீட்டில் இருந்தார், தறியில் உட்கார்ந்தார், வாய் வழியாகச் சாப்பிட்டார். பெரிய ஆபரேஷன் செய்திருந்தால் அதில் பாதி நாள் படுக்கையில் போயிருக்கும், பரவிய இடத்துக்கு அது ஒன்றும் செய்திருக்காது. அதனால் அரளி, எடுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்பது எல்லாக் கட்டிக்கும் ஒத்துவராது.

குடல்சர்ஜன்:

இரைப்பை குடல் அறுவை சிகிச்சையில் இருக்கிறேன். அரளி கேட்டது நோயாளிகள் வழக்கமாகக் கேட்பதுதான், அதனால் அதற்கே பதில் சொல்கிறேன். மார்பகக் கட்டிக்கும் இன்று ஊசிப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் ஆபரேஷன் திட்டமிடுகிறோம், அது ஒரு பக்கம் இருக்கட்டும். உணவுக்குழாயில் லியோமயோமாவை உரித்தெடுத்தால் போதும், சுற்றியுள்ள எதையும் எடுக்க வேண்டாம். ஜிஸ்ட்டை உரிக்கும்போது அதன் உறை கிழிந்தால் செல்கள் மார்புக்குள் சிந்தி மறுபடி முளைக்கும். சின்ன ஜிஸ்ட்டை உரித்தால் போதுமா, உணவுக்குழாயின் அந்தப் பகுதியையே எடுக்க வேண்டுமா என்பதில் சர்ஜன்களுக்குள் இன்னமும் ஒரே கருத்து இல்லை. பெரிய ஜிஸ்ட் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே ஜிஸ்ட்டைக் குறிவைக்கும் இமாட்டினிப் மாத்திரை கொடுத்துச் சுருக்கிவிட்டு, பிறகு சின்ன ஆபரேஷனாக முடிப்பதும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் துளை போட்டால் இந்த வழிகள் எல்லாம் அடைபட்டுவிடும்.

இமாட்டினிப் பற்றி இரண்டு வரி. திரும்ப வரும் ஆபத்து அதிகமுள்ள ஜிஸ்ட்டுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு தினம் 400 மி.கி., மூன்று வருடம். ஜீன் சோதனையும் கேட்க வேண்டும், பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. ஜீனில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இந்த மாத்திரை வேலை செய்யாது, வீணாகச் சாப்பிடக் கூடாது. விலையைக் கேட்டு யாரும் மயங்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் இதன் அசல் பிராண்டு மாதம் 1 லட்சத்துக்கு மேல். அந்தக் கம்பெனி கேட்ட காப்புரிமையைச் சென்னை காப்புரிமை அலுவலகம்தான் 2006இல் மறுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013 ஏப்ரல் 1 அன்று அங்கும் தள்ளுபடி ஆனது. அதனால்தான் இன்று இந்தியக் கம்பெனி மாத்திரை அந்த விலையில் சின்னப் பங்குக்குக் கிடைக்கிறது. நம் வார்டுகளில் இதன் பலனைக் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எடுக்கத்தான் வேண்டும் என்றாலும் வழி ஒன்று மட்டுமில்லை. மேட்டுப்பாளையம் மெயில் சொன்ன விலாத்துளை முறை ஒன்று. இன்னொன்று வெளியே ஒரு வெட்டும் இல்லாமல் வாய் வழியாகவே ஸ்கோப் விட்டுச் செய்வது, ஸ்டெர் என்பார்கள். விழுங்கும் தசை இறுகிப் போகும் அக்கலேசியாவுக்கு ஜப்பானில் இனோவே என்ற டாக்டர் 2008இல் தொடங்கிய போயம் முறையிலிருந்து பிறந்தது இது. கட்டிக்குச் சில செ.மீ. மேலே சவ்வைச் சிறிதாக வெட்டி, சவ்வுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் போட்டுப் போய், கட்டியை அறுத்து அதே சுரங்கம் வழியாக வெளியே இழுத்து, வாசலைக் கிளிப் போட்டு மூடிவிடுவார்கள். கட்டிக்கு நேர் மேலே சவ்வு முழுசாக இருப்பதால் கசிவு பயம் குறைவு. ஆனால் அகலம் மூன்று மூன்றரை செ.மீ. தாண்டினால் அந்தச் சுரங்கத்திலும் தொண்டையிலும் முழுசாக வெளியே வராது. ஏற்கெனவே இடுக்கியால் கிள்ளித் தழும்பு விழுந்திருந்தால் சுரங்கம் போடுவதும் சிரமம், நுண்ணோக்கி மேடம் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். எல்லா ஊரிலும் செய்வதில்லை. செய்கிறவர் இதில் அடிக்கடி கை வைப்பவரா என்று நேராகவே கேளுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காவிரிக்கரை, உங்களுக்குச் சொன்ன இரண்டு டாக்டர்களையும் குறை சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு பேரும் ஒரு படியைத் தாண்டிப் பேசியிருக்கிறார்கள். 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் திசு எடுத்து உறுதி செய்வதுதான் முறை. இ.யு.எஸ். முதலில்.

நுண்ணோக்கி:

குடல்சர்ஜன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், பின்னால் இந்தத் திரியைத் தேடி வருபவர்களுக்கு. மேல் உணவுக்குழாயில் காம்போடு தொங்கும் பெரிய பாலிப் ஒன்று உண்டு, ஃபைப்ரோவாஸ்குலர் பாலிப் என்று பெயர். வாந்தி எடுக்கும்போது நாக்கு மாதிரி வாய்க்கு வெளியே வந்து நிற்கும், மூச்சுக்குழாயை அடைத்துவிடும் ஆபத்து உண்டு. சாது என்றே காலம் காலமாக எழுதி வந்தோம். இப்போது எம்.டி.எம்.2 என்ற ஜீனைச் சோதித்தால் அவற்றில் பல உண்மையில் மெதுவாக வளரும் கொழுப்புப் புற்றுநோய், லைப்போசார்கோமா என்று தெரிகிறது, எடுத்த இடத்திலேயே பல வருடம் கழித்துத் திரும்பி வருபவை. யாருக்காவது பழைய ரிப்போர்ட்டில் இந்தப் பெயர் இருந்தால் பிளாக்கை எடுத்து இந்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

அதே மாதிரி கறுப்பாக ஒரு கட்டி தெரிந்தால் மெலனோமா என்ற நினைப்பு வர வேண்டும். தோலில் வருவதுதானே என்பார்கள், நிறம் தயாரிக்கும் செல் சிலருக்கு உணவுக்குழாய்ச் சவ்விலும் இருக்கிறது. நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு, அதைத்தான் சாதாரண கார்சினோமா என்று தவறவிடுவது. மெலன்-ஏ, எச்.எம்.பி.45 சாயங்கள் போட்டால் பிடிபடும். தோலிலும் கண்ணிலும் மூலக்கட்டி இல்லை என்று பார்த்த பிறகே உணவுக்குழாயில் தொடங்கியது என்று எழுத வேண்டும். இதற்கு மருந்தும் வேறு, நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்துகள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இ.யு.எஸ். முடிந்துவிட்டது. லேசாக மயக்கம் கொடுத்துச் செய்தார்கள், மாமாவுக்கு ஒன்றும் ஞாபகமில்லை, அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். ரிப்போர்ட்: நான்காவது அடுக்கு, 30 மி.மீ., ஒரே சீரான கறுப்பு, ஓரம் சுத்தம், பக்கத்தில் நெறிக்கட்டி இல்லை. ஊசி போட்டு எடுத்த திசுவில் கதிர் வடிவ செல்கள், டெஸ்மின் பாசிட்டிவ், எஸ்.எம்.ஏ. பாசிட்டிவ், சி.டி.117, டாக்-1, எஸ்-100 மூன்றும் நெகட்டிவ். லியோமயோமா என்று எழுதிவிட்டார்கள். முதலில் வந்த ரிப்போர்ட்டில் ஸ்பிண்டில் செல் என்றுதான் இருந்தது, நுண்ணோக்கி மேடம் சொன்னதைக் காட்டிச் சாயப் பரிசோதனை கேட்டு வாங்கினோம்.

இப்போது வீட்டில் புதுச் சண்டை. டாக்டர் தொந்தரவு இல்லாததால் விட்டுவிடலாம், வேண்டுமானால் ஸ்டெர் முறையில் எடுக்கலாம், உங்கள் விருப்பம் என்றார். மாமா விட்டுவிடலாம் என்கிறார். அக்கா, உடம்புக்குள் கட்டியை வைத்துக்கொண்டு எப்படி பஸ் ஓட்டுவது என்று எடுக்கச் சொல்கிறார். இதனால்தான் நெஞ்செரிச்சல் வந்ததா? பின்னால் இது புற்றுநோயாக மாறாதா? விட்டால் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்?

குடல்சர்ஜன்:

நல்ல ரிப்போர்ட். நெஞ்செரிச்சலுக்கும் கட்டிக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு. 5 செ.மீ.க்குக் கீழே பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது, வேறு எதற்கோ பார்க்கப் போய்த்தான் கண்ணில் படும், உங்களுக்கும் அப்படித்தான். கட்டியை எடுத்தாலும் எரிச்சல் அப்படியே இருக்கலாம் என்பதை அக்காவிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எடுத்த பிறகு ஏமாற்றமாக இருக்கும். எரிச்சலுக்குத் தனியாக வைத்தியம், இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மூன்று மணி நேரம் விடுவது, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுவது, இதெல்லாம் டிரைவர் வேலையில் சிரமம்தான், முடிந்த வரை.

புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம், அதற்குப் பயந்து ஆபரேஷன் செய்யத் தேவையில்லை. திசுப் பரிசோதனையில் லியோமயோமா என்று உறுதியாகி, தொந்தரவும் இல்லை என்றால் தொடர்ந்து கண்காணிக்கவே வேண்டாம் என்பதுதான் ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் 2022 வழிகாட்டுதல். என் பழக்கம் கொஞ்சம் வேறு, 3 செ.மீ. இருப்பதால் ஒரு வருடம் கழித்து ஒரே ஒரு இ.யு.எஸ். பார்த்து, அதே அளவில் இருந்தால் அத்தோடு விட்டுவிடுவேன். அதற்கு முன்னால் திடப்பொருள் சிக்கினாலோ, எடை குறைந்தாலோ, கறுப்பாக மலம் போனாலோ உடனே காட்ட வேண்டும். வளர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். அக்கா நிம்மதியே இல்லாமல் இருந்தால், மாமாவும் சரி என்றால், ஸ்டெர் செய்துகொள்வதும் தப்பில்லை, 3 செ.மீ. அதற்குத் தோதான அளவுதான். ஆனால் உடம்பு மாமாவுடையது, கடைசி வார்த்தை அவருடையது.

இன்னொன்று, அடுத்த தடவை அளவு 32 மி.மீ. என்று வந்தால் வளர்ந்துவிட்டது என்று ஓடி வராதீர்கள். இப்போதே சி.டி.யில் 31, இ.யு.எஸ்.ஸில் 30. அளக்கிற கையும் கருவியும் மாறினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடும் குறையும். முடிந்தால் அதே இடத்தில், அதே டாக்டரிடம் பாருங்கள், சி.டி. படம் இருக்கும் டிஸ்க்கையும் இ.யு.எஸ். போட்டோக்களையும் பைலோடு எடுத்துப் போங்கள். மெழுகு பிளாக்கை லேபில் கேட்டு வாங்கி வீட்டில் வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சில லேபுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள்.